மைனா மேலே தெள்ளுப்பூச்சி

ஹபீப்: ...அதெல்லாம் எங்கிட்ட சொல்லாத வீரபாகு. மேனேஜர் பூச்சிப் பவுடர் டப்பாவ என் கையில குடுத்துட்டாரு. நாயி மேல தூவணும். நாளைக்குக் காலைல அவரு குடோன சுத்திப் பாக்க வர்றப்ப ஒரு தெள்ளுப்பூச்சி கடிச்சாலும் நாயி இங்க இருக்கக்கூடாதாம். முனிசிபாலிட்டி ஆளுங்களக் கூப்பிட்டுக் குடுத்துடுவாராம்.

வீரபாகு: குடுத்தா அவங்க சோத்துல மருந்து வெச்சிடுவாங்க, பாய்.

ஹபீப்: தெரியுது. அதான் தூவச் சொல்றாரு.

வீரபாகு: இன்னா பவுடர் அது?

ஹபீப்: கமாக்ஸின். நம்ம ஷாப்புல காய்ஞ்ச தோலுக்கு வண்டு வராம தூவறோமே, அதேதான்.

வீரபாகு: செத்த தோலுக்குப் போடறத உசிரோட இருக்கிற தோலுக்குப் போடணுமா?

ஹபீப்: தோலுன்னா தோலுதானேன்னாரு. அவரு வயசு பூரா தோல் யாவாரம். எதப் பாத்தாலும் அவருக்குத் தோலாத்தான் தெரியுது.

வீரபாகு: இங்க வா. இதும் வயித்தப் பாரு.

ஹபீப்: பாத்தேன், பாத்தேன்.

வீரபாகு: அங்கருந்து பாக்காத. கிட்ட வந்து பாரு. மடி எறங்கிடுச்சு. இன்னைக்கோ நாளைக்கோ... எப்பப் பாத்தாலும் வயித்த நக்கிக்கினே இருக்குது. பவுடரத் தூவினா நேரா வாய்க்குத்தான் போவும். போன வருஷம் சுண்ணாம்புத் தொட்டிகிட்ட ஒரு செவல நாயி இருந்துச்சே, ஞாபகம் இருக்குதா?

ஹபீப்: இருக்குது. அதுக்கும் இதே டப்பாதான்.

வீரபாகு: குட்டிங்க இன்னா ஆச்சு?

ஹபீப்: ...ஒண்ணும் மூச்சு விடல.

வீரபாகு: தெரிஞ்சே தூவச் சொல்றியா?

ஹபீப்: நான் எங்கப்பா சொன்னேன்? மேனேஜர் சொன்னாரு. நான் சார்ட்டிங் மேஸ்திரி. தோல தரம் பிரிக்கிறதுதான் என் வேல. நீ காவக்காரன், நாயி உன் பொறுப்பு. தூவறதுன்னா நீ தூவு.

வீரபாகு: நீ தூவ மாட்ட?

ஹபீப்: எனக்கு அசர் நமாசுக்கு டைம் ஆவுது, தொழப் போவணும். நாயி எச்சில் பட்டா துணி மாத்தணும். பேஜாரு.

வீரபாகு: அப்ப அத மூடி எறவாணத்துல சொருகிடு. மேனேஜர் கேட்டா தூவியாச்சுன்னு சொல்லிக்கலாம்.

ஹபீப்: சரி.

வீரபாகு: இன்னா, ஒடனே சரிங்கற? சண்ட போடுவேன்னு இல்ல நெனச்சேன்.

ஹபீப்: உங்கூட சண்ட போட்டு நான் இன்னா பண்ணப் போறேன்? டப்பாவ வெச்சாச்சு. பூச்சிக்கு இன்னா வழி, அதச் சொல்லு.

வீரபாகு: யோசிக்கிறேன்.

ஹபீப்: வேப்பெண்ண தடவு.

வீரபாகு: ஐயையோ, அது கூடாது. நக்கினா வயித்துல இருக்கிறதுக்கு ஆவாது. கலைஞ்சிடும்.

ஹபீப்: உனுக்கு எப்படித் தெரியும்?

வீரபாகு: ...கேள்விப்பட்டேன்.

ஹபீப்: யாருகிட்ட? நாயிகிட்டயா?

வீரபாகு: வேற எதனா சொல்லு பாய்.

ஹபீப்: வெதுவெதுன்னு தண்ணி, துணி தொவைக்கிற பார் சோப்பு. வயித்த அழுத்தாம தேச்சு ஊத்தினா பூச்சி பூரா தண்ணில செத்து மெதக்கும். வெயில்ல நிக்க வெச்சுத் தொவட்டிடலாம். அதுக்கும் ஒண்ணும் ஆவாது.

வீரபாகு: நல்ல ரோசன. தேய்.

ஹபீப்: நானா?

வீரபாகு: ரோசன சொன்னவன்தான தேய்க்கணும்?

ஹபீப்: இப்பதான நமாசுன்னு சொன்னேன்! நீ தேய், நான் தண்ணி எடுத்தாறேன்.

வீரபாகு: எனக்கு... கையில வெட்டுக்காயம். சோப்புத் தண்ணி பட்டா எரியும்.

ஹபீப்: எங்க, காட்டு.

வீரபாகு: ஆறிக்கினு வருது. காட்டறதுக்கு ஒண்ணுமில்ல. இரு, பேன் சீப்பு கொண்டாந்திருக்கேன். சீவிடலாம். மைனா... வா கண்ணு, படு. அப்படித்தான். வயித்த அமுக்காம ஒருக்களிச்சுப் படு.

ஹபீப்: பதமாப்பா.

வீரபாகு: எனக்குத் தெரியாதா... ந்தா, பாத்தியா? கழுத்துகிட்ட எத்தன, வாலாண்ட எத்தன! ஏம்மா, எப்படிம்மா இதெல்லாம் சொமந்துக்கினு திரிஞ்ச? இந்தா பாய், சீப்ப புடி.

ஹபீப்: எதுக்கு?

வீரபாகு: நசுக்கு.

ஹபீப்: நீ நசுக்கு.

வீரபாகு: நான் நாயப் புடிச்சுக்கினு இருக்கேன் இல்ல?

ஹபீப்: ஒரு கையாலதான புடிச்சிருக்க? இன்னொரு கை சும்மாதான இருக்குது? ...ஆங்! குதிச்சுடுச்சு. போச்சு. திரும்பி அது மேலயே ஏறுது பாரு.

வீரபாகு: உன்னாலதான். சீப்ப சோப்புத் தண்ணில முக்கியிருக்கலாம் இல்ல?

ஹபீப்: முக்கினா செத்துடும்பா.

வீரபாகு: சாவறதுக்குத்தான முக்கச் சொல்றேன்?

ஹபீப்: அப்ப நீ முக்கு!

வீரபாகு: ...உன் பீடி டப்பா காலியா இருக்குதா?

ஹபீப்: இருக்குது.

வீரபாகு: தொற. இதுல தட்டிக்கலாம். தட்டினதும் மூடிடு. அப்புறமா எதனா பண்ணிக்கலாம்.

ஹபீப்: ஆமா. அதான் சரி. அப்புறமா.

வீரபாகு: ஏன் பாய், பூச்சியக் கொல்றதுக்குக்கூடவா உங்க நமாசுல தடை?

ஹபீப்: நீ பேசாத. அன்னைக்கு ஆவாரம்பட்ட மூட்டைல தேளு வந்துச்சே, இன்னா பண்ண நீ? மேல கூடைய கவுத்துட்டு 'பாய், பாய்'னு ஊரக் கூட்டின.

வீரபாகு: வந்த நீ மட்டும் இன்னா கிழிச்ச? மொறத்துல வாரிக்கினு போயி வேலிக்கு அந்தாண்ட விட்டுட்டு வந்த.

ஹபீப்: அது... அதுவும் ஒரு ஜீவன்தான?

வீரபாகு: எப்பருந்து? போன வாரம் உங்க பெரியப்பா வீட்டுல கோழி அறுக்கக் கூப்பிட்டதுக்குக் கை சுளுக்குன்னியாமே? சாயங்காலம் அதே கையால தோல் கட்டத் தூக்கி வண்டில போட்ட. நான் பாத்துக்கினுதான் இருந்தேன்.

ஹபீப்: நீ ஏன் தாடி வெச்சிருக்க? அதச் சொல்லு.

வீரபாகு: திருப்பதிக்கு வேண்டுதல்.

ஹபீப்: இன்னா வேண்டுதல்?

வீரபாகு: வேண்டுதல வெளில சொல்லக்கூடாது. டப்பாவ மூடு, மூடு! தப்பிக்குது!

ரங்கம்மாள்: இன்னா கூத்து இது? சார்ட்டிங்குல பொம்பளைங்க நாங்க மட்டும் குந்திக்கினு இருக்கோம், மேஸ்திரியக் காணோம்னு தேடிக்கினு வந்தா... இங்க நாயிக்கு சடை போட்டுக்கினு இருக்கீங்க?

வீரபாகு: வா ரங்கம்மாக்கா. எல்லாம் உன்னாலதான். மேனேஜர்கிட்ட போயி வெச்சியே கொள்ளி.

ரங்கம்மாள்: என் காலப் பாத்துட்டுப் பேசு. முட்டி வரைக்கும் தடிப்பு. நாலு நாளா தூக்கம் கெடையாது. சொல்லாம இன்னா பண்ணுவாங்க? பூச்சிய வெரட்டுன்னுதான் சொன்னேன். புள்ளத்தாச்சி நாய வெரட்டுன்னா சொன்னேன்?

ஹபீப்: அவரு ரெண்டும் ஒண்ணுன்னுட்டாரு.

ரங்கம்மாள்: டப்பால இன்னா?

ஹபீப்: பூச்சி.

ரங்கம்மாள்: உசிரோடவா?

ஹபீப்: ...ஆமா.

ரங்கம்மாள்: எதுக்கு, வளக்கவா? ரெண்டு தடி ஆம்பளைங்க சேந்து ஒரு தெள்ளுப்பூச்சிய கொல்ல முடியல. குடு அந்த சீப்ப. நகத்துல வெச்சு ஒரு அழுத்து, அவ்ளோதான். ந்தா... ந்தா... இன்னா, ரெண்டு பேரும் மூஞ்சிய அந்தாண்ட திருப்பிக்கிறீங்க?

வீரபாகு: தூசி.

ஹபீப்: கண்ணு கூசுது.

ரங்கம்மாள்: கூசட்டும், கூசட்டும். மைனா, வாடி. கெணத்தாண்ட தொட்டில வெயிலுக்கு வெதுவெதுன்னு தண்ணி இருக்குது. சோப்புப் போட்டு நானே ஊத்தறேன். டப்பாவையும் குடு, தண்ணியோட போவட்டும். அது படுக்கிற சாக்க கொதிக்கிற தண்ணில போடணும். அதுலதான் முட்ட இருக்கும். நாய மட்டும் கழுவினா நாளைக்கு மறுபடி ஏறிக்கும்.

வீரபாகு: அக்கா... சாக்கையும் நீயே போட்டுடேன். வெறகு நான் எடுத்தாறேன்.

ஹபீப்: அண்டா நான் தூக்கியாறேன்.

ரங்கம்மாள்: அதுவும் நானா? சரி, அடுப்பாண்ட போட்டுட்டுப் போங்க. காலைல மேனேஜர் வந்தா நானே பக்கத்துல நின்னு சொல்றேன், புதுசா கடி இல்லன்னு. என் காலுதான சாட்சி? வாடி மைனா, மெல்ல... படி இருக்குது, பாத்து.

ஹபீப்: ...போய்ட்டாங்க.

வீரபாகு: உம்.

ஹபீப்: தப்பிச்சுது நாயி.

வீரபாகு: ரங்கம்மாக்கா ஒரு வேலையத் தொட்டா முடிக்காம விடாது.

ஹபீப்: இப்பவாச்சும் சொல்லு. திருப்பதியா?

வீரபாகு: ...யாருகிட்டயும் சொல்லக்கூடாது பாய். வாய விட்டா தங்காதுன்னு வீட்டுல பயப்படுது.

ஹபீப்: சொல்ல மாட்டேன்.

வீரபாகு: தனபாக்கியம் முழுகாம இருக்குது. முன்ன ரெண்டு தபா அஞ்சாம் மாசம் தாண்டல. இந்தத் தபா என் மாமியாரு வந்து, 'பொண்டாட்டி வயித்துல புள்ள இருக்கிறப்ப புருஷன்காரன் ஒரு எறும்பக்கூட கொல்லக்கூடாது, தாடி எடுக்கக்கூடாது'ன்னு கண்டிசனா சொல்லிட்டாங்க. நான் அதெல்லாம் பெருசா நம்பறவன் இல்ல. ஆனா மைனா மேல அந்தப் பவுடர தூவறதுன்னு நெனச்சப்ப... டப்பாவத் தொடவே மனசு வரல பாய். பயமா இருக்குது, நெஜமாவே பயமா இருக்குது. அதான் கையில காயம்னு பொய் சொன்னேன்.

ஹபீப்: காயம் இல்லன்னு அப்பவே தெரிஞ்சுது.

வீரபாகு: என் கத இருக்கட்டும். உங்க ஆளுங்களுக்கு இந்தச் சாங்கியமே கெடையாதே. நீ எதுக்குப் பூச்சியத் தொட மாட்டேன்னு நின்ன?

ஹபீப்: கெடையாதுதான். எங்க அத்தாவுக்குத் தெரிஞ்சா செருப்பால அடிப்பாரு. உன் சம்சாரம் கொழாயடில என் வீட்டுக்காரி ஃபரீதாகிட்ட எல்லாத்தையும் சொல்லிடுச்சு, வீரபாகு. ஃபரீதாவுக்கும் இப்ப நாலு மாசம். போன தபா பொறந்தது மூணு நாள்தான் இருந்துச்சு, நான்தான் கையில தூக்கிக்கினு போயி அடக்கம் பண்ணேன். உன் சம்சாரம் சொன்னதுலருந்து ராவானா அழுதுக்கினே கேக்குது, 'வீரபாகு அண்ணன் கொல்லலியாமே, நீங்களும் ஒண்ணையும் கொல்லாதீங்க'ன்னு... நான் இன்னான்னு சொல்லட்டும்?