இரண்டு ரூபாய் எட்டணா நோட்டு

நோட்டு சேர்க்கிறவன் முதலில் பழக வேண்டியது கையைக் கழுவுவது. காசு சேர்க்கிறவர்களுக்கு அந்தக் கவலை கிடையாது. எண்ணெய்க் கையோடு எடுப்பார்கள், வேட்டியில் துடைப்பார்கள், தரையில் போட்டுச் சத்தம் கேட்டுப் பார்ப்பார்கள். காசு எதையும் தாங்கும். நோட்டை ஒரு தடவை மடித்தால் மடித்ததுதான். இன்ஸ்பெக்டர், இந்த வித்தியாசத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். இது தெரியாவிட்டால் மற்றது விளங்காது.

என் பெயர் அய்யாதுரை. விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பதினாறு வருஷம் போர்மேனாக இருந்தேன். பீடி, வெற்றிலை, சீட்டு எதுவும் கிடையாது. பழைய நோட்டு சேர்ப்பது ஒன்றுதான் என் பழக்கம். நாற்பத்தொரு நோட்டு வைத்திருக்கிறேன். அதில் ஒன்று இரண்டு ரூபாய் எட்டணா நோட்டு. அப்படி ஒன்று இருந்ததே பலருக்குத் தெரியாது. முதல் யுத்த காலத்தில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்தபோது வெள்ளைக்காரன் அடித்தது. ஏழெட்டு வருஷத்தில் திரும்ப வாங்கிக்கொண்டான். மதுரையில் சேகரிக்கிறவர்கள் யாரிடமும் அது இல்லை. அதைப் பார்க்கவென்றே ரயிலேறி வந்தவர்கள் உண்டு. அதில் எனக்குப் பெருமை இருந்தது. அதை நான் மறைக்கவில்லை.

சுந்தரபாண்டி எங்கள் கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிறவன். தாயில்பட்டிக்காரன். கொஞ்சம் கரிசல் நிலம் உண்டு. மழை பெய்து உழுதால் பழைய செம்புக் காசுகள் மேலே வரும், அவற்றைப் பொறுக்கி வைத்திருந்தான். சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில் எங்கள் இருவருக்கும் இதே பேச்சுதான்.

“அண்ணாச்சி, ஒங்க நோட்டு ஒரு தீக்குச்சிக்குத் தாங்குமா? ஏங் காசப் பாருங்க, எம்புட்டு வருசம் மண்ணுக்குள்ள கெடந்துட்டு பல்லக் காட்டிக்கிட்டு வருது.”

“எரியுறதாலதாம்லே அதுக்கு மதிப்பு. ஒண்ணு போச்சுன்னா மிஞ்சுனதுக்கு மவுசு கூடும். ஒங் காசுக்கு அந்தக் கொடுப்பினை இல்ல.”

அவன் சிரிப்பான். எனக்கு அவனைப் பிடிக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அறுபத்தொன்றாம் வருஷம் ஆவணியில் அவன் மாமனார் இறந்தார். முதல் யுத்தத்துக்குப் போய் வந்தவர். அவருடைய தகரப் பெட்டியில் கிடந்தது என்று சுந்தரபாண்டி ஒரு நோட்டைக் கொண்டுவந்தான். இரண்டு ரூபாய் எட்டணா. நான்காக மடித்து, அதற்குள் காசுகளைச் சுற்றி, துணியில் முடிந்து வைத்திருந்தான். ராஜா முகத்தின் மேல் ஒரு மடிப்பு ஓடியது. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கேட்டேன். என்னிடமிருந்த வெள்ளி ரூபாய்கள் பதினொன்றையும் தருகிறேன் என்றேன். “இருக்கட்டும் அண்ணாச்சி, ஒங்க வாயில எச்சி ஊறுறதப் பாத்துக்கிட்டே இருக்கணும் போல இருக்கு,” என்று விளையாட்டாகச் சொன்னான். அவனுக்கு அது விளையாட்டு. எனக்கோ, என்னுடையதைப் போல இன்னொன்றும் இருக்கிறது என்ற நினைப்பே போதும், தூக்கம் போய்விட்டது.

கம்பெனி வாசலில் ஒரு மரப்பெட்டி உண்டு. காசு, சாவி, ஊக்கு எதுவும் அதைத் தாண்டி உள்ளே போகக் கூடாது. மருந்து அறையில் கெட்டியாக எது விழுந்து உரசினாலும் போதும், கதை முடிந்தது. ஒவ்வொருவரும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள், போர்மேன் மடியைத் தொட்டுப் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். சுந்தரபாண்டி நோட்டும் காசும் இருந்த அந்த முடிச்சை எப்போதும் மடியிலேயே வைத்திருப்பான். வீட்டில் வைத்தால் பிள்ளைகள் விளையாட எடுத்துவிடுமாம். வாசலில் எடுத்துப் போட அவனுக்கு நினைவு இருக்காது. தினமும் நான்தான் மடியில் கைவிட்டு எடுத்துப் பெட்டியில் போடுவேன். அவன் சாயங்காலம் வாங்கிக்கொண்டு போவான்.

பெட்டியிலிருந்து நோட்டை எடுத்துக்கொண்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். நான் திருடன் இல்லை.

புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை. தீபாவளி ஆர்டர் மலையாகக் குவிந்திருந்தது. ஆட்களைப் பிரித்து அனுப்புவது என் வேலை. சுந்தரபாண்டியோடு மருந்து அறைக்குப் போக வேண்டியவன் என் அக்காள் மகன் சீனிச்சாமி. அவனை லேபிள் ஒட்டப் போகச் சொன்னேன். அவனுக்குப் பதிலாகச் செல்லச்சாமியை அனுப்பினேன். சலிக்கிற வேலைக்கு இருளம்மாளும் கருப்பம்மாளும் வழக்கம்போல் போனார்கள்.

சுந்தரபாண்டி கையைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் நின்றான். மடி புடைத்திருந்தது. முடிச்சு தளர்ந்திருந்ததையும் பார்த்தேன். “சரிலே, போ, நேரமாச்சு,” என்றேன். நான் செய்தது அவ்வளவுதான். ஒரு நாள், ஒரு ஆளை, தொட்டுப் பார்க்கவில்லை.

பத்தரை மணிக்கு அந்த அறை போயிற்று. சுவரில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. முதலில் தண்ணீர் வாளியோடு ஓடியவன் நான்தான். சாட்சிகள் சொல்லியிருக்கிறார்கள், உங்கள் பைலில் இருக்கும். நான்கு பேரில் யார் யார் என்று பிரிக்க முடியவில்லை. கருகிய மண்ணில் காசுகள் கிடந்ததை வைத்துத்தான் சுந்தரபாண்டியை அடையாளம் சொன்னேன். காசு எதையும் தாங்கும் என்று சொன்னேன் அல்லவா? தொழிலாளியின் கவனக்குறைவு என்று விசாரணையில் எழுதி முடித்தார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவன் பெண்டாட்டி சண்முகத்தாய் என் வீட்டுக்கு வந்தாள். முந்தானையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள்.

“அன்னிக்குக் காலைல இத மட்டும் எடுத்து எங்கிட்டக் குடுத்துட்டுப் போனாக அண்ணாச்சி. வேர்வைல கெட்டுப்போகும், தீவாளிக்கு நாமளே கொண்டுபோயிக் குடுத்துருவோம், அண்ணாச்சி இதுமேல உசுரா இருக்காகன்னாக.” கொஞ்ச நேரம் அழுதாள். “காச மடில வச்சுக்கிட்டுப் போகாதீகன்னு தெனமும் சொல்லுவேன். நீ ஏன் பயப்படுத, வாசல்ல அண்ணாச்சி இருக்காகம்பாக.”

அவளுக்கு மோர் கொடுத்து அனுப்பினேன். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து நோட்டை விரித்துப் பார்த்தேன். மடிப்பு நைந்து போயிருந்தது. அடுப்பில் வெந்நீர் காய்ந்துகொண்டிருந்தது. நோட்டை அடுப்புத் தீயில் வைத்தேன். நல்ல தாள், நின்று எரிந்தது. அந்த வெந்நீரில் குளித்தேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

மூன்று வருஷம் அந்த வாசலிலேயே நின்றேன். ஒரு குண்டூசி உள்ளே போக விட்டதில்லை. முதலாளி எனக்கு மாலை போட்டார். இப்போது ஏன் வந்து சொல்கிறாய் என்று நீங்கள் இரண்டு தடவை கேட்டுவிட்டீர்கள். சொல்கிறேன்.

போன வாரம் விருதுநகர் மிளகாய் வியாபாரி லட்சுமிகாந்தம் ஆள் அனுப்பியிருந்தார். சரக்கு வைக்கிற பழைய கிட்டங்கியை இடித்தபோது சுவருக்குள் ஓர் இரும்புப் பெட்டி அகப்பட்டதாம். எனக்கு இதெல்லாம் தெரியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். போனேன். கையைக் கழுவத் தண்ணீர் கேட்டு வாங்கினேன். பெட்டிக்குள் நூல் கட்டிய ஒரு கட்டு. இரண்டு ரூபாய் எட்டணா, வரிசை நம்பரில் நூறு. ஒன்றிலும் மடிப்பு கிடையாது.

“இது செல்லுமா அண்ணாச்சி?” என்று கேட்டார்.

“செல்லாது,” என்றேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன். அந்த நாலு பேரும் வீணாகச் செத்துப்போனார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது.