நாளைக்கு ஸ்கூல் உண்டா?

ஃபெலி: ...அப்போ நாளைக்கு லீவு இல்லவே இல்லையா டீச்சர்?

மாரிவிக் டீச்சர்: இல்லம்மா. சர்ச்சுலேருந்து இங்க வர்றதுக்குள்ள பாதி ஊருக்கு இதையே சொல்லிட்டேன்.

ஃபெலி: தேசிய துக்க நாளுன்னு ரேடியோவுல கத்துறானே!

டீச்சர்: துக்க நாளுதான். கொடி அரைக் கம்பத்துல பறக்கும். வகுப்பு நடக்கும்.

ஃபெலி: ஃபேஸ்புக்குல மேயரே 'நாளை வகுப்பு இல்லை'ன்னு போட்டிருக்கார். இந்தா, பாருங்க.

டீச்சர்: அதுல என்ன படம் இருக்கு?

ஃபெலி: தென்னை மரம்... சாஞ்சு கிடக்கு.

டீச்சர்: அது போன வருஷப் புயலுக்குப் போட்டது. ஒவ்வொரு தடவையும் அதையே தூசி தட்டி அனுப்புறீங்க!

ஃபெலி: நாலு தூறல் போட்டா லீவு விடுறீங்க. கப்பல் கவுந்து இத்தனை பேரு போயிருக்காங்க... அதுக்குக் கிடையாதா?

டீச்சர்: அதை மணிலாவுல போய்க் கேளு.

ஃபெலி: அப்போ மயூமி வரமாட்டா. காய்ச்சல்.

டீச்சர்: உன் பொண்ணுக்கா? இப்பத்தானே சர்ச் வாசல்ல பிபிங்கா அப்பம் தின்னுக்கிட்டு நின்னா. கையில ஒண்ணு, வாயில ஒண்ணு.

ஃபெலி: ...நாளைக்கு வரும்.

டீச்சர்: அடேயப்பா! காய்ச்சல் சொல்லிக்கிட்டு வருதா உங்க வீட்டுக்கு?

ஃபெலி: கிண்டல் பண்ணாதீங்க டீச்சர்.

டீச்சர்: சரி, பண்ணலை. என்னன்னு சொல்லு.

ஃபெலி: கொடியேத்தும்போது... நம்ம ஊர்க்காரங்க பேரெல்லாம் சொல்லி ஜெபம் பண்ணுவீங்களாமே.

டீச்சர்: ஆமா.

ஃபெலி: உடம்பு கிடைக்காதவங்க பேருமா?

டீச்சர்: அவங்க பேரும்தான்.

ஃபெலி: அவளுக்கு இன்னும் தெரியாது. அப்பா மணிலாவுல வேலையா இருக்கார்னு சொல்லி வச்சிருக்கேன். வீட்டுல சிரிச்சுக்கிட்டே திரியறேன்.

டீச்சர்: எத்தனை நாளைக்கு ஃபெலி?

ஃபெலி: அவர் உடம்பு வரட்டும்... அன்னைக்குப் பாதிச் சாப்பாட்டுல எழுந்து ஓடினார், கப்பலுக்கு நேரமாச்சுன்னு. பாதியில எழுந்து போறவங்க பத்திரமாப் போகணும்னா, பந்தியில இருக்கிறவங்க தங்க தட்டை ஒரு சுத்து திருப்பி வைக்கணும்னு நம்ம ஊர்ல சொல்வாங்கல்ல? பேச்சு சுவாரஸ்யத்துல மறந்துட்டேன் டீச்சர்.

டீச்சர்: தட்டுதானாம்மா கப்பலைக் கவுத்துச்சு?

ஃபெலி: எனக்கு அப்படித்தான் தோணுது. உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கிறேன்... ரமோன் பேரை மட்டும் விட்டுடுங்க.

டீச்சர்: விட்டாச்சு.

ஃபெலி: என்னது?

டீச்சர்: வெள்ளிக்கிழமையே விட்டாச்சு. நீ பொண்ணை அனுப்பு.

ஃபெலி: நான் இப்பத்தானே கேட்கிறேன்! வேற யாரு வந்து... என் மாமியாரா?

டீச்சர்: மயூமிதான் வந்தா. 'அப்பா பேரைப் படிச்சிடாதீங்க டீச்சர், அம்மாவுக்கு இன்னும் தெரியாது'ன்னா.