பத்துக்கு எத்தனை?

வலியைப் பற்றி நம் ஆட்களிடம் கேட்டுப் பயனில்லை ஐயா. "பூஜ்யம்னா வலியே இல்ல, பத்துன்னா தாங்கவே முடியாது. இப்ப பத்துக்கு எத்தனை?" என்று கேட்பேன். "உங்களுக்குப் பத்துக்குப் பத்து டாக்டர்" என்று ஒரு பெரியவர் கும்பிட்டார். அதையும் குறித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

நான் மயக்க மருந்து டாக்டர். முதுகில் துளையிட்டுச் சிறுநீரகக் கல் எடுப்பவர்களுக்கு, அந்த இடத்து நரம்புகளை மரத்துப்போக வைக்கும் ஊசி ஒன்றை ஆய்வு செய்துகொண்டிருந்தேன். பாதிப் பேருக்கு அந்த மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று எனக்கே தெரியக்கூடாது. பிறகு வலித்தால், யாராக இருந்தாலும் வார்டில் வேறு வலி ஊசி போடுவார்கள்.

இரண்டு பக்கமும் ஒரே எண்தான் வந்தது. காரணம் வார்டின் பெரிய சிஸ்டர். யாராவது முகம் சுளித்தால் போதும், ஓடிப்போய் வலி ஊசியைப் போட்டுவிடுவார். வலியே இல்லாத வார்டில் என் மருந்து எதைக் குறைத்துக் காட்டும்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த அம்மாளின் இரக்கம் என் உழைப்பையெல்லாம் நாசமாக்கிக்கொண்டிருந்தது.

அதனால் உப்புநீர்க்காரர்கள் யாரென்று தெரிந்துகொண்டேன். வார்டில் அவர்களுக்காக எடுத்து வைத்திருந்த வலி ஊசிகளிலும் உப்புநீரையே நிரப்பினேன். சிலர் கொஞ்சம் பொறுத்துக்கொண்டால் பல பேருக்கு நல்லது. எண்களும் அழகாகப் பிரிந்து வந்தன.

அவர்களில் பஸ் கண்டக்டர் ஒருவர் இருந்தார். இதயம் பலவீனம், அது எனக்குத் தெரியும். ஊசி போட்டும் அவருக்கு அடங்கவில்லை. "வலிக்குதுன்னு வாயத் திறக்கிற மனுஷனே இல்ல டாக்டர் இவரு" என்று அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். பெரிய சிஸ்டர் அடுத்த ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இதுல மருந்துதான் இருக்கா சார்?"

"மருந்துதான். கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க."

குனிந்து கண்டக்டரிடம் எண்ணைக் கேட்டேன். "பத்து" என்றார். குறித்துக்கொண்டேன். அன்று சாயங்காலமே மாரடைப்பில் போய்விட்டார். என் ஆய்வில் கிடைத்த ஒரே நேர்மையான பதில் அவருடையதுதான். அந்த மரியாதை எனக்கு அவர்மேல் உண்டு.

ஆமாம், நீங்கள் விசாரிக்க வந்த அந்தக் காரியத்தை நான்தான் செய்தேன். நோயாளிகளின் நன்மைக்காகத்தான் செய்தேன். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எனக்கும் இடது சிறுநீரகத்தில் கல் இருக்கிறது, அடுத்த வாரம் எடுக்கிறார்கள். வலி ஊசியைப் பெரிய சிஸ்டரே போடட்டும், மருந்துக் குப்பியை என் கண் முன்னால் உடைத்து.