நாற்பதாவது தாள்

நம் ஊர்க்காரர்களுக்குக் கண் பரிசோதனையும் ஒரு பரீட்சைதான். பெஞ்சில் காத்திருக்கும்போதே, முன்னால் போனவர் வாசிப்பதைக் கேட்டு எழுத்துகளை மனப்பாடம் செய்துவிடுவார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு எப்படி இருக்கிறது என்று கேட்டால், டாக்டர் மனம் கோணக்கூடாதே என்று "பிரமாதம்" என்பார்கள். மயிலாப்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷம் கண் அளவு பார்த்தவன் நான். பெயர் ராகவேந்திரன். ஞானதாஸின் அப்பீலுக்கு என் வாக்குமூலம் வேண்டும் என்றீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், வக்கீல் சார்.

தொண்ணூற்றெட்டு தொடக்கத்தில் எங்கள் டாக்டர் ராஜகோபாலன் கண்ணுக்குள் புது மாதிரி லென்ஸ் வைக்க ஆரம்பித்தார். மல்டிஃபோகல். புரை எடுத்தபின் இதை வைத்தால் தூரத்துக்கும் கண்ணாடி வேண்டாம், பேப்பர் படிக்கவும் வேண்டாம். நாற்பது பேருக்குப் பார்வை எப்படி வந்திருக்கிறது என்று மாநாட்டில் கட்டுரை வாசிக்கப்போகிறார். அதில் தன் பெயருக்குக் கீழே என் பெயரும் வரும் என்றார். கல்யாணப் பத்திரிகையைத் தவிர என் பெயர் எதிலும் அச்சானதில்லை, சார்.

ஆளுக்கு ஒரு தாள். கடைசிக் கேள்வி, ராத்திரியில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறதா என்பது; இந்த லென்ஸில் வரக்கூடிய குறை அது. நான் அதை, "வளையம் கிளையம் ஒண்ணும் இல்லியே?" என்று கேட்பேன். அப்படிக் கேட்டால் யார்தான் இருக்கிறது என்பார்கள்? முதல் தாள் எங்கள் ஊழியர் ஒருவருடையது. அதில் 'இல்லை'. முப்பத்தொன்பது தாளிலும் 'இல்லை'.

நாற்பதாவது ஆள் ஞானதாஸ். சாந்தோம்காரர், ஐம்பத்திரண்டு வயது, ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு மட்டும் பரீட்சை எழுதத் தெரியவில்லை.

"பேப்பர் சோக்கா படிக்கிறேன் சார். ஆனா பொழுது சாஞ்சா எதிர்ல வர்ற லைட்டைச் சுத்தி வட்டம் வட்டமா கீது. நடுவுல ஆள் வந்தா தெரிய மாட்டேங்குது."

"பழகிடும் ஞானதாஸ். இதைப் போய் டாக்டர்கிட்ட சொன்னீங்கன்னா வண்டி ஓட்ட சர்டிபிகேட் தரமாட்டார். அப்புறம் உங்க பாடு."

மூன்று பெண்களுக்குத் தகப்பன். பயந்துபோனார். உள்ளே போய், "ஒண்ணும் இல்ல சார், கிளியரா கீது" என்றார். நான் நாற்பதாவது 'இல்லை'யை எழுதினேன். டாக்டர் சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டார்.

அந்த டிசம்பரில், மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம் ஆறரை மணிக்கு, வீட்டு வேலை முடித்து ரோட்டைக் கடந்துகொண்டிருந்த இசக்கியம்மாள் மேல் ஞானதாஸின் வேன் ஏறியது. அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது.

கோர்ட்டில் என்னைக் கூப்பிட்டார்கள். தாளைக் காட்டி, பார்வையில் குறையில்லை, வளையமும் இல்லை என்றேன். அப்படியானால் அஜாக்கிரதைதான் என்று இரண்டு வருஷம் போட்டார்கள். நான் பயமுறுத்தியதை ஞானதாஸ் கூண்டில் சொல்லவே இல்லை. டாக்டரிடம் பொய் சொன்னது தான்தானே, ராகவேந்திரன் சார் என்ன செய்வார் என்றாராம். அவர் மகள் சோஃபியா வந்து சொன்னாள். வெட்கமாக இருக்கிறது, சார்.

பழகிடும் என்று நான் நம்பித்தான் சொன்னேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இல்லை, அதை அடித்துவிடுங்கள். முதல் தாள் ஊழியர் ஒருவருடையது என்றேனே, அது என்னுடையது. ஞானதாஸிடம் பழகிடும் என்று சொன்ன அன்று, இருட்டினால் ஸ்கூட்டரை எடுக்கப் பயந்து நான் மாம்பலம் வீட்டுக்குப் பஸ்ஸில் போகத் தொடங்கி ஏழு மாதம் ஆகியிருந்தது.