வர்த்தக அலுவலகத்து லிப்ற்

— விசர்தான் உமக்கு. கை நசுங்கினதுக்கு ஆராவது பாராளுமன்றத்துக்குப் போவினமோ, சிந்தியா?

— கை நசுங்கினதுக்கு இல்லை. அது நசுங்கின இடத்தை ஒருத்தரும் உள்ளுக்கை போய்ப் பாக்க ஏலாதெண்டு சட்டம் போட்டவை அங்கைதானே இருக்கினம். அதுக்கு. நீங்கள் மீனைக் கழுவுங்கோ.

— கழுவிக்கொண்டுதானே நிக்கிறன். விடிய நாலரைக்கு எழும்பி, பஸ் ஓடி, வந்த களை ஆற முந்திச் செதில் உரிச்சுக்கொண்டு நிக்கிறன். ஒரு சொல்லுச் சொன்னனானோ?

— இல்லை. நீங்கள் ஒண்டையும் சொல்லுற ஆளில்லை.

— பேந்து என்ன குத்தல்?

— குத்தல் இல்லை. நாலு மாசமா ஒரு வெங்காயம் உரிக்க ஏலாமல், சட்டைக்கு ஒரு பொத்தான் பூட்ட ஏலாமல் இருக்கிறவளின்ரை வாயிலை தேனே வடியும்?

— நான் சொல்லுறதைக் கேளும். அவையள் லேசுப்பட்ட ஆக்களில்லை. பிறநாட்டுக்காரர், பேர்தான் வர்த்தக அலுவலகம். அம்பசிக்கு இருக்கிற சலுகை எல்லாம் அவையளுக்கும் இருக்கு. கார் பிழையா நிப்பாட்டினாலும் பொலிஸ் கை வைக்காது. அந்தச் சலுகையைக் குடுத்ததே ஸ்டோர்ட்டிங், நீர் போகப்போற பாராளுமன்றம்தான். குடுத்தவையிட்டையே போய் முறைப்பாடோ?

— குடுத்தவையிட்டைத்தானே கேக்கவேணும்? ஆறு வருசத்துக்கு முந்தி, வியாபாரம் பெருகும் எண்டு சொல்லி, மீனும் இயந்திரமும் விக்கிற கந்தோருக்குத் தூதுவர் மரியாதை குடுத்தவை. இப்ப அந்தச் சட்டத்தை இன்னும் நீட்டுறதோ இல்லையோ எண்டு கமிட்டி கேக்குது. வியாழக்கிழமை ஹோரிங், பொது விசாரணை. சட்டத்தாலை நன்மை கண்டவை, தீமை கண்டவை ஆரும் பேர் குடுத்துப் போட்டு வந்து கதைக்கலாம்.

— எவ்வளவு நேரம்?

— ஆளுக்கு மூண்டு நிமிசம்.

— மூண்டு நிமிசத்திலை என்னத்தைக் கிழிக்கிறது? மேசைக்கு அங்காலை பதினைஞ்சு பேர் கோப்பி குடிச்சுக்கொண்டு இருப்பினம். அதிலை பாதிப்பேர் போனைப் பாத்துக்கொண்டு இருப்பினம். பேந்து "தாக்" எண்டு ஒரு நன்றி. அவ்வளவுதான்.

— என்னை வாசல்லை நிக்கவிட்ட மாதிரி அவை விடமாட்டினம்தானே. அது காணும்.

— எந்த வாசல்லை?

— உங்களுக்கு எத்தினை தரம் சொன்னனான்? வேலையிடம் பாக்கிற இன்ஸ்பெக்டர்மார் ரெண்டு பேர் வந்த அண்டைக்கு நான் எதிர்ப்பக்கத்து ட்ராம் தரிப்பிலை கட்டுப் போட்ட கையோடை நிண்டனான். மழை. அந்த உதவித் தலைவர், கோட்டுக்காரன், வெளியிலை வந்து ஒரு கடுதாசியைக் காட்டினவன். அஞ்சு நிமிசம் இல்லை. அவை குடையை விரிச்சுக்கொண்டு திரும்பிட்டினம். அந்த இன்ஸ்பெக்டர் பொம்பிளை என்னைக் கண்டிட்டு ரோட்டைக் கடந்து வந்தவ. ஒஸ்லோவிலை எந்தத் தொழிற்சாலைக்கும் சொல்லாமல் கொள்ளாமல் நுழைவமாம், இந்தப் படி மட்டும் தாண்ட ஏலாதாம். அவையின்ரை அனுமதி வேணுமாம். அவை தரமாட்டினமாம். சொல்லேக்கை அவவுக்கே முகம் சிவந்து போச்சு.

— சட்டம் எண்டால் சட்டம்தானே.

— எனக்கு ஒரு லிப்ற்றைத்தான் பாக்கவேணும், லூக்காஸ். சாமான் ஏத்துற லிப்ற். அதின்ரை இரும்புக் கதவு தானா விழுகுதெண்டு மூண்டு தரம் சொன்னனான். முதல் தரம் சிரிச்சவங்கள். ரெண்டாம் தரம், விளக்குமாத்துத் தடியைக் குடுத்து முட்டுக் குடுக்கச் சொன்னவங்கள். மூண்டாம் தரம் விருந்து நாள். நூறு கிளாஸ் மேலை போகவேணும். தடி வழுக்கினது. மூண்டு விரல்.

— தெரியும். நான்தானே லேகவாக்ட்டுக்கு, அவசர வைத்தியத்துக்குக் கொண்டு போனனான். அந்தத் துவாயைப் பிழிஞ்சதும் நான்தான்.

— அப்ப உங்களுக்கு எல்லாம் தெரியும்.

— தெரியும் எண்டுதானே சொல்லுறன். அதாலைதான் வேண்டாம் எண்டுறன். வழக்குப் போட்டுப் பாத்தீர். நீதிமன்றம் என்ன சொன்னது? எங்களுக்கு இந்த ஆக்களை விசாரிக்க அதிகாரம் இல்லை எண்டு ரெண்டு பக்கத்திலை எழுதி அனுப்பினது. உதவிப்பணம் குடுக்கிற நாவ் கந்தோர் என்ன சொன்னது? விபத்து எங்கை நடந்ததெண்டு அத்தாட்சி இல்லை எண்டது. இன்னும் எத்தினை கதவிலை போய் முட்டுறது? போதும். மனம் நிம்மதியா இரும்.

— என்ரை இடத்துக்கு ஒரு எரித்திரியாப் பிள்ளையை எடுத்திருக்கிறாங்கள். இருபத்திரெண்டு வயசு. போன கிழமை மெட்ரோவிலை கண்டனான். அந்தக் கதவு எப்பிடி எண்டு கேட்டன். சிரிச்சுக்கொண்டு சொல்லுது, ஒரு தடி தந்திருக்கினமாம்.

— அதே தடியோ?

— நிம்மதியா இருக்கட்டோ?

— எல்லாரையும் நாங்கள் காப்பாத்தேலாது, சிந்தியா.

— எல்லாரையும் கேக்கேல்லை. ஒரு பிள்ளையின்ரை விரல்.

— சரி. இப்ப என்ன, பேர் குடுத்தாச்சோ?

— குடுத்தாச்சு. திங்கள் பன்னிரண்டு மணியோடை முடிவு. பத்துக்கே குடுத்திட்டன். இடது கையாலை ஒவ்வொரு எழுத்தாத் தட்டினது, அதுக்கு அரை மணித்தியாலம்.

— என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்.

— நீங்கள் என்னட்டைக் கேட்டுத்தான் எல்லாம் செய்யிறீங்களோ?

— இப்பிடிக் கதைச்சுக் கதைச்சே மனுசனைக் கொல்லுறீர். நான் என்ன செய்தனான்? சொல்லும். நான் உமக்கு என்ன செய்தனான்?

— வாசல் மணி அடிக்குது. ஜெனிற்றாவாக்கும். போய்த் திறவுங்கோ. மீன் கையைத் துடையுங்கோ முதல்.

— வா பிள்ளை. இண்டைக்கு வகுப்பு இல்லையோ? என்ன மூஞ்சி அது?

— தள்ளுங்கோ, அப்பா. நான் அம்மாவோடை கதைக்கவேணும். இல்லை, உங்களோடைதான். ரெண்டு பேரும் இருங்கோ. இதைப் பாருங்கோ.

— என்ன பேப்பர் இது?

— ஸ்டோர்ட்டிங்கின்ரை பக்கத்திலை போட்டிருக்கு. ஆரும் வாசிக்கலாம். எங்கடை வகுப்பிலை ஒரு பெடியன் எடுத்து அனுப்பினவன், இது உன்ரை அம்மாவோ எண்டு கேட்டு. கமிட்டி உறுப்பினர் ஒராள் வெளிநாட்டு அமைச்சிட்டைக் கேள்வி கேட்டிருக்கிறார். இந்த வர்த்தக அலுவலகத்திலை வேலை செய்யிற ஆக்களுக்குக் காயம் பட்டிருக்கோ, முறைப்பாடு இருக்கோ எண்டு. இது அமைச்சின்ரை பதில்.

— வாசி, பிள்ளை. நோர்ஸ்க்கிலை வேண்டாம். தமிழிலை சொல்லு. அப்பாவுக்கும் விளங்கட்டும்.

— அப்பாவுக்கு நோர்ஸ்க் நல்லா விளங்கும், அம்மா. அதுதான் பிரச்சினை. இதிலை இருக்கு: ஆறு வருசத்திலை ஒரு முறைப்பாடும் பதிவாகேல்லை. ஒரு துப்புரவுப் பணியாளரின்ரை கைக்காயம் பற்றித் தகவல் வந்தது. ஆனால் அது ட்வெய்ட்டாவிலை அவ குடியிருக்கிற கட்டிடத்தின்ரை நிலவறைக் கதவிலை பட்ட காயம். அதைக் காயப்பட்டவரின்ரை கணவன் எழுத்திலை உறுதிப்படுத்தியிருக்கிறார். பிரதி இணைப்பிலை.

— ஜெனிற்றா—

— இணைப்பையும் இறக்கிப் பாத்தனான், அப்பா. லூக்காஸ் மரியநாயகம். உங்கடை அந்த ல-வுக்கு வால் இழுக்கிற கையெழுத்து. என்ரை பள்ளிக்கூட ரிப்போட் எல்லாத்திலையும் இருக்கிறது.

— பிள்ளை, கொஞ்சம் இரு.

— என்னத்துக்கு இருக்கிறது? அம்மா வலியிலை நித்திரை கொள்ளாமல் கிடக்க, நீங்கள் அவங்களுக்குக் கையெழுத்து வச்சுக் குடுத்திருக்கிறீங்கள். வாசிக்காமல் வச்சனான் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. இருபத்தெட்டு வருசம் இஞ்சை பஸ் ஓடுறீங்கள்.

— வாசிச்சனான்.

— என்ன?

— வாசிச்சுத்தான் வச்சனான். இப்ப பொய் சொல்லமாட்டன். சிந்தியா, இஞ்சை பாரும். அந்த உதவித் தலைவர், கோட்டுக்காரன், வீட்டை வந்தவன். நீர் ஆசுப்பத்திரியிலை. கூட எங்கடை சூசைரட்ணம், அவங்கடை டிரைவர். ஒரு பழக்கூடை. வாசல்லை சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வந்து, அந்தக் கதிரையிலை இருந்து தேத்தண்ணி குடிச்சவன். உமக்கு இனித் துடைக்கிற வேலை இல்லையாம். முன் மேசையிலை இருந்து ரெலிபோன் எடுக்கிற வேலையாம். கை சுகமானதும் வரட்டாம். ஒரு கடுதாசிதான் தடையாம். விபத்து அங்கை நடந்ததெண்டால் ஆளை வச்சிருக்க ஏலாதாம், அவங்கடை நாட்டு விதியாம்.

— நீங்கள் நம்பினீங்கள்?

— வீட்டை வந்து தேத்தண்ணி குடிச்ச ஒருத்தன், சிந்தியா. சூசைரட்ணமும் வையுங்கோ அண்ணை, வையுங்கோ எண்டு நிக்கிறான். அவன் முகத்துக்கு முன்னாலை கடுதாசியைத் தள்ளி விடுறதோ? எங்கடை ஆக்களிலை ஆர் தள்ளுவினம்? இருபது வருசம் குனிஞ்சு துடைச்சவள் ஒருக்கா நிமிர்ந்து இருக்கட்டும் எண்டு நினைச்சன். அவ்வளவுதான். ரெண்டு கிழமையிலை கந்தோர்க் கதவு திறக்கிற உம்மடை அட்டையை நிப்பாட்டி, வேலையாலையும் நிப்பாட்டினாங்கள். அண்டைக்கு நான் பஸ்ஸுக்குள்ளை இருந்து அழுதனான். உமக்குத் தெரியாது.

— அழுதீங்கள். வந்து சொல்லேல்லை.

— எந்த முகத்தோடை சொல்லுறது?

— இதே முகத்தோடைதான். ஒவ்வொரு நாளும் இதே முகத்தோடை எனக்குச் சோறு குழைச்சுத் தந்தீங்கள்தானே. ஒவ்வொரு வாய் தரேக்கையும் இது உங்களுக்குத் தொண்டையிலை நிக்கேல்லையோ? என்ரை கை போனதிலை எனக்குக் கோவம் அவங்களிலை. ஆனால் என்னைப் பொய்க்காரியாக்கினது நீங்கள். அது அவங்களாலை ஏலாத வேலை.

— அம்மா, நீங்கள் ஏன் திடுக்கிடவே இல்லை? உங்களுக்கு முதலே தெரியுமோ?

— ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு வெளியிலை வர, சூசைரட்ணத்தின்ரை மனுசி வந்து கையைப் பிடிச்சவ. உங்கடை அவர் எவ்வளவு தன்மையான மனுசன் அக்கா, எங்கடை இவரின்ரை வேலையைக் காப்பாத்தித் தந்தவர், ஒரு மறுபேச்சுப் பேசாமல் கையெழுத்து வச்சவர் எண்டா. நான் சிரிச்சன். சிரிச்சுக்கொண்டே வந்து மெட்ரோவிலை ஏறினன்.

— ஞாயிறே தெரியுமோ? பேந்து ஏன் என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை?

— நீங்களாச் சொல்லுவீங்கள் எண்டு பாத்தன். ஞாயிறு பின்னேரம் பாத்தன். திங்கள் விடியப் பாத்தன், ஒன்பதரை மட்டும். பல்லு விளக்கினீங்கள், பேப்பர் வாசிச்சீங்கள், பேந்து வேலைக்கு வெளிக்கிட்டீங்கள். இண்டைக்கு மீன் கழுவேக்கையாவது வாய் திறப்பீங்கள் எண்டு நினைச்சன். நிம்மதியா இரும் எண்டீங்கள்.

— என்னை மன்னியும். வேறை என்ன சொல்ல? ஆனால் இப்பவாவது நான் சொல்லுறதைக் கேளும். வியாழக்கிழமை அங்கை போகாதையும். நீர் வாயைத் திறந்த உடனை அந்தக் கடுதாசியைத் தூக்கிக் காட்டுவினம். உம்மடை புருசனே இப்பிடி எழுதியிருக்கிறார் எண்டு. ஊர் முழுக்கப் பாக்கும்.

— அப்பா சொல்லுறது சரி, அம்மா. எனக்கு அவரிலை பத்திக்கொண்டு வருது, ஆனால் இது சரி. எல்லாம் நேரடியாப் போகும், படம் பிடிப்பினம். உங்கடை சொல்லுக்கு எதிரா இந்தப் பேப்பர். உங்களைப் பொய் எண்டு சொல்லிப்போட்டு, சட்டத்தை இன்னும் பத்து வருசம் நீட்டுவினம். நீங்கள் போய்க் கதைச்சு ஒரு பிரியோசனமும் இல்லை.

— ஓம். எனக்கும் அது திங்கட்கிழமையே விளங்கினது.

— அப்ப பேரை எடுத்துவிடும். ரெலிபோன் பண்ணி, சுகமில்லை எண்டு சொன்னால் காணும். நான் வேணுமெண்டால் சொல்லுறன்.

— எடுக்கத் தேவையில்லை. அந்தப் பட்டியல்லை என்ரை பேர் இல்லை.

— குடுத்தாச்சு எண்டு சொன்னீர்?

— குடுத்தனான். லூக்காஸ் மரியநாயகம், பஸ் சாரதி எண்டு.