புழக்கத்தில் உள்ள மயானம்

எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் டீ போட்டால் பால் திரிந்துவிடும், சார். சுற்றிலும் உப்பளம் வந்த பிறகு கிணறு கரித்துப்போனது. அறுபது குடும்பங்களும் ஒவ்வொன்றாக மாப்பிள்ளையூரணிப் பக்கம் போய்விட்டன. நானும் வெள்ளத்துரையும் மட்டும் இருந்தோம்.

ஊர் மயானம் காலரா வந்த வருடம் உண்டானது. முதலில் புதைத்தது ஒரே வீட்டு மூன்று பேரை. எல்லாமாக நூற்றுப் பன்னிரண்டு பேர். பெயர்களை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். தொண்ணூற்று நான்காவது பெயர் என் மகள் சந்தனச்செல்வி. ஏழு வயது, மஞ்சள் காமாலை.

போன மாசியில் நிலம் அளக்க வந்தவர் அந்த நோட்டைப் புரட்டினார். “பதினேழு வருசமா ஒரு அடக்கமும் இல்லையே அண்ணாச்சி. புழக்கத்துல இல்லாத மயானத்தை உப்பளத்துக்குக் குடுத்துருவாங்க,” என்றார்.

உப்புப் பாத்தி கட்டுமுன் தரையைக் காலால் மிதித்து இறுக்குவார்கள். பல நாள் மிதிக்க வேண்டும். நானே கூலிக்கு மிதித்திருக்கிறேன்.

ஓர் அடக்கம் வேண்டியிருந்தது. நானே சாகலாம் என்று யோசித்தேன். எனக்குப் பிறகு நோட்டு எழுத ஆள் இல்லை.

வெள்ளத்துரைக்கு எழுபத்தாறு வயது. அவன் மகன் பாண்டியராஜன் மறுநாள் காரில் வந்து தூத்துக்குடிக்குக் கூட்டிப்போவதாக இருந்தது. வெள்ளத்துரை பெட்டிகூடக் கட்டிவிட்டான்.

“ஏலே, மகன் வீட்டுல லிஃப்ட்டு இருக்காம். பேத்தி பட்டனை அமுக்கி என்னைய மேல கொண்டுபோவாளாம்.”

“செத்தா?”

“அதுக்கும் அங்கன பட்டன் இருக்குல்லா. கரண்டுல எரிச்சிருவான். ஒனக்குக் குழி வெட்டுத வேல மிச்சம்.” சிரித்தான். “நீயும் வந்துருலே. இங்கன கெடந்து யாரைக் காக்கப் போற?”

அவனுக்கு இந்த மண்ணில் கிடக்கத்தான் ஆசை. மகனுக்காக மறைத்தான். அது எனக்குத் தெரியும்.

மதியம் கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தான். தலையணையை முகத்தில் வைத்து அமுக்கினேன். என் கையைப் பிடித்துக்கொண்டான். தள்ளுவதற்காகப் பிடித்தான் என்று நான் நினைக்கவில்லை.

இங்கேயே புதைக்கச் சொன்னான் என்று பாண்டியராஜனிடம் சொன்னேன். அவன் அழுதுகொண்டே என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். நோட்டில் பெயர் எழுதினேன்.

அளக்கிறவர் மறுபடி வந்து பார்த்தார். “ஒண்ணு பத்தாது அண்ணாச்சி,” என்றார்.

இரண்டு மாதமாக யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை, சார். நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். அவனைத் தோண்டி எடுத்துப் பரிசோதிப்பீர்கள். முடிந்ததும் தூத்துக்குடியில் எரித்துவிடாதீர்கள். எங்கள் மயானத்திலேயே திரும்பப் புதையுங்கள். தேதி போட்டு ஒரு தாள் கொடுங்கள். இரண்டாவது அடக்கம் என்று காட்டிக்கொள்ளலாம்.