அக்கரையிலிருந்து நம்மை எழுப்பிய ஃபிலமினா கீஃப்

இன்று இரண்டாயிரத்து இருபத்து மூன்று, மார்ச் பதினொன்று. எனக்கு எண்பத்து மூன்று வயது, நான்கு மாதம். சுகாதார வாரியத் தலைவர் ஸ்டக்லெஸ் அவர்களே, பாதிரியார் அவர்களே, பனிப்புயலைப் பொருட்படுத்தாமல் இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் துறைமுகத்து மக்களே, வணக்கம்! எனக்கு அழுது பழக்கமில்லை. பேசிவிட்டு அமர்கிறேன்.

யார் இந்தச் செவிலியர் ஃபிலமினா கீஃப்? நாம் எழுவதையும் உண்பதையும் மூச்சு விடுவதையும், நம் வீடுகளில் பொருத்திய கருவிகளின் வழியே, விரிகுடாவின் அக்கரையிலிருந்து கவனித்தவர். அவர் முகத்தை நீங்கள் பார்த்ததில்லை. அந்தக் குரலை மறந்தவர் உண்டா?

என் இடுப்பெலும்பு முறிந்த குளிர்காலம். கெட்டில் சூடாகவில்லை என்று கருவி காட்டியதும் அழைத்தார்.

"என்ன வினிஃப்ரெட்டம்மா, இன்னும் டீ போடலயே? செத்துட்டீங்களா?"

"செத்திருந்தா போனை எடுப்பேனா?"

"உங்க வாய்க்கு, எடுத்தாலும் எடுப்பீங்க! வாக்கரைப் புடிச்சு எழுந்திருங்க. நான் லைன்லயே இருக்கேன்."

எழுந்தேன். இன்றும் எழுகிறேன்.

நுரையீரல் நோயாளியான நம் லியாண்டர், நாடி பார்க்கும் கைப்பட்டையை நாய்க்குக் கட்டிவிட்டு விறகு வெட்டப் போனார். உடனே அழைப்பு வந்தது.

"லியாண்டரு, நாடி என்னமோ குதிக்குதே. வாலும் ஆடுதா?"

"அடுப்புக்கு விறகு வேணுமே, தாயி!"

"வேணாம்னு யாரு சொன்னா? பட்டையக் கட்டிக்குங்க, உக்காந்து வெட்டுங்க. ஆக்சிஜன் எறங்குனா நான் கத்துறேன். கத்துனதும் கோடாலியக் கீழ போட்டுடுங்க."

தடுத்தாரா? இல்லை. அவர் வேலையை அவரே செய்ய வழி செய்தார்!

இந்தக் கருவித் திட்டத்தை மூடுவதா என்று நாளை வாரியம் வாக்களிக்கிறது. திட்டம் மூடப்பட்டால், நாம் நம் வீடுகளைப் பூட்டிவிட்டு நகரத்து முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டும். சற்றுமுன் வாசலில் தலைவர் என்னிடம் சொன்னார்: "நல்ல பொம்பளைதான். ஆனா, எழுந்து நிக்க முடியாதவங்கள வீட்ல தனியா விட்டுட்டு மெஷினை நம்பச் சொல்றீங்களே, அம்மா?"

நண்பர்களே, ஒரு கருவியையும் கழற்ற விடமாட்டோம்! ஒரு வீட்டையும் பூட்ட விடமாட்டோம்! அவர் பணியை நாம் தொடர்வோம்.

தலைவர் அவர்களே, உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. தாம் உயிரோடிருக்கும்வரை வெளியே சொல்லக்கூடாது என்று ஃபிலமினா என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். அவர் வீட்டிலும் இதே கருவிகள் இருந்தன. அவற்றின் எச்சரிக்கை என் கைபேசிக்கு வரும். தசை கரையும் நோய் அவருக்கு. கடைசி ஆறு ஆண்டுகள் நம் அனைவரையும் அவர் கவனித்தது, தனியே வாழ்ந்த அந்த வீட்டின் கட்டிலில் படுத்தபடி.